மணவிழா மேடையில் நம் பேச்சு

(சங்க இளைஞர் பிரிவின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் கூட்டத்தில் தேர்வைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோ பேசாது, திருமண வரவேற்பில் வாழ்த்துரை வழங்குவதைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. நாம் பணியாற்றும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தால் 30 பேர் வருகின்றனர். அவர்களுள்ளும் பாதிப்பேர் வேலைக்குப் போகும் அவசரத்தில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடுகின்றனர். சங்கத்தின் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்திற்கு 100 பேர் வந்தால் அதை வெற்றி என்கிறோம். ஆனால் நம் தெருவில் ஒரு திருமணம் என்றால் 500 பேர் வற்புறுத்தலின்றிக் கூடுகின்றனர். தொட்டிற்பிள்ளை முதல் கோலூன்றிய பாட்டி வரை வருகின்றனர். கூட்டம் என்றால் எட்டிப் பாராத பெண்கள் முன்வரிசையிலேயே அமர்கின்றனர். பம்பாய்க்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் அன்று ஊர் திரும்புகின்றனர். அவர்கள் எல்லார்க்கும் எதிரே ஓர் ஒலிபெருக்கியும் இருக்கிறது. அதில் நாம் என்ன சொல்கிறோம்? இதுவே இன்றைய பொருள்.

அந்த ஒலிபெருக்கியும் அந்தப் பந்தலும் நமக்கு எளிதில் வந்தவையல்ல. 1930ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கம் செலுத்தியோர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு சூன் திங்களில் எட்டு பதினொன்றாயிற்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் என்பார் தமது நூலில் இப்பட்டியலை முழுமையாகப் பதிவு செய்துள்ளார். முழங்காலுக்குக் கீழே உடுத்தலாகாது, பொன் நகை அணியலாகாது, பித்தளைக் குடத்தில் நீர் எடுக்கலாகாது என்றெல்லாம் செல்லும் அப்பட்டியலில், பிள்ளைகள் படிக்கலாகாது, எழுத்தறிவு பெறலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. இறுதி இரண்டு விதிகளும் திருமணத்தைப் பற்றியவை. திருமணத்தில் மேளம் முழங்கலாகாது. தாலி கட்டுமுன் குதிரைமீது ஊர்வலம் வரும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மண ஊர்வலத்திற்குத் தத்தம் வீட்டுக் கதவையே பல்லக்காகக் கொள்ள வேண்டும்!

பள்ளிக்கூடத்தையும் மணப்பந்தலையும் ஒரே பட்டியலில் வைத்துத் தடுத்திருக்கிறார்கள் என்பதை இளைஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். இது பழங்கதையாய்ப் போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 2015இல் திருத்தம் கொண்டுவந்தபோது, பட்டியல் வகுப்பாரின் திருமண ஊர்வலத்தைத் தடுப்பதையும், அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு ஊர்தியிலோ ஏறுவதைத் தடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. அத்திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. தடைப்பட்டியலில் ஏறிய குதிரை சட்டப் புத்தகத்தில் இறங்க 84 ஆண்டுகள் ஆயின.

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்று அடங்கியிருந்த அருப்புக்கோட்டைக்கு அருகே, சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், 1928ஆம் ஆண்டு தந்தை பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரோகிதர் இல்லை, விளங்காத மந்திரம் இல்லை. மந்திரம் நின்ற இடத்தில் விளங்கும் மொழியிற் பேச்சு வந்து அமர்ந்தது. மணவிழாவில் சொற்பொழிவு என்னும் வழக்கம் தமிழ்நாட்டில் இவ்வளவு வேரூன்றியது அந்த இயக்கத்தாலேயே. அன்றைய பேச்சுகள் நீண்டவைதாம். ஒன்றிரண்டு மணி நேரம் கூடப் பேசினர். ஆனால் அவர்களுக்கு வேறு மேடை அரிது, சொல்லவேண்டியது மிகுதி, கேட்டவர்களுக்கோ அவை அனைத்தும் புதியவை. இன்று அந்த நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம்.

இம்முறைத் திருமணங்கள் செல்லா என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, 1967இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது; 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது; முன்னர் நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. அப்பிரிவு கேட்பது மிகச் சிறிது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றவோ மோதிரம் அணிவிக்கவோ வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். மூன்றில் ஒன்று போதும். அதையும் ஊரறியப் பலர் கூடிய இடத்தில்தான் செய்தாக வேண்டும் என்பதில்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை ஆகிய எவையும் அப்பிரிவில் இல்லை! ஒலிபெருக்கியைப் பிடித்தவுடன் இத்திருமணமே நம் பேச்சினால்தான் நிறைவெய்துகிறது என்று கருதுகிற பெருமக்கள் இதை அன்புகூர்ந்து நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி நம் வரவேற்புகளில் நடப்பதைப் பார்ப்போம். மாலை ஏழு மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்லும். எட்டரை மணிக்கு மணமக்கள் மேடையேறுவர். முதலில் பொன்னாடை. மேடையிலுள்ள பதினைந்து பேரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் சென்றுவிடும். பிறகு கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல். அதில் மணமகனைச் சிங்கமென்றும் மணமகளை மானென்றும் அச்சிட்டிருப்பர். (சிங்கத்தையும் மானையும் ஒரு வீட்டில் குடிவைப்பது எவ்வளவு நல்ல வாழ்த்து என்பதை எழுதியவரே சொல்ல வேண்டும்.) பின்னர்ப் பேச்சாளர். அவர் தம் கட்சியின் வரலாறு, தாம் சிறை சென்ற கதை, வரப்போகும் தேர்தல் ஆகியவற்றை முடித்துவிட்டு, “காலத்தின் அருமை கருதி” என்று கூறி, மேலும் இருபது நிமிடம் பேசுவார். பந்தியில் சோறு ஆறும். பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் கடைசிப் பேருந்தை எண்ணி நெளிவர். பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்த பெண்களின் மடியில் பிள்ளைகள் பசியோடு உறங்கிவிடும். பேசுபவர் மேடையிலிருந்து இதைக் காண்பதில்லை. விளக்கு அவர் கண்ணில் அடிக்கிறது, ஒளிப்படக்காரர் நடுவில் நிற்கிறார்.

நீளம் ஒரு குறை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் சென்ற ஆண்டுகளில் கலந்துகொண்ட வரவேற்புகளில், பேசியோர் எத்தனை முறை மணமகளின் பெயரைச் சொன்னார்கள் என்று கவனித்து வருகிறோம். மணமகனின் பெயரும் பட்டமும் பணியும் முழங்கும். மணமகளோ “குத்துவிளக்கு”, “மகாலட்சுமி”, “வீட்டிற்கு வந்த விளக்கு”. அந்த விளக்கு முதுகலைப் பட்டம் பெற்றிருக்கும். பிறந்த வீட்டில் பள்ளிப் படிப்பைக் கடந்த முதற் பெண்ணாயிருக்கும். அவளைப் படிக்க வைக்க அவளுடைய தாய் செங்கற்சூளையில் வேலை செய்திருப்பாள். அது மேடையில் வருவதேயில்லை. அந்தத் தாய் அப்போது சமையற்கட்டில் அப்பளம் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று. பெண்ணுக்கு இத்தனை பவுன் போட்டார், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொடுத்தார் என்று பெண்ணின் தந்தையைப் பாராட்டி ஒலிபெருக்கியில் அறிவிப்பது நம்மிடையே வளர்ந்துவருகிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றத்தை ஊருக்கே ஒலிபரப்பி அதற்குக் கைதட்டலும் பெறுகிற வழக்கம் வேறெங்கும் உண்டோ? சிரிப்பை விடுங்கள். கீழே அமர்ந்திருக்கும் மற்றொரு தந்தை, தம் இரண்டாம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணத்தை அன்றிரவே பவுனாக மனத்திற்குள் மாற்றிவிடுகிறார். அரசு கூட இதில் வழி மாறியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தாலிக்குப் பொன் வழங்கிவந்த திருமண உதவித் திட்டம், 2022இல், அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்களின் உயர்கல்விக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது.

வாழ்த்துச் சொற்களிலும் ஆராயாமல் வழங்குவன பல. “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்கிறோம். கேட்கும் சிறுவர்கள் பதினாறு பிள்ளைகள் என்று நகைக்கின்றனர். பேசுவோரிலும் சிலர் அப்பொருளிலேயே கேலி செய்து கைதட்டல் வாங்குகின்றனர். அவை பதினாறு பேறுகள். அபிராமி பட்டர் பாடிய பதிகத்தில் அப்பேறுகளின் வரிசை கல்வியிலிருந்துதான் தொடங்குகிறது. கல்விச் சங்கத்தார் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அவ்வாறே திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்து ஐந்தாம் குறளை, அதாவது கணவனைத் தொழும் மனைவியைப் பற்றிய 55ஆம் குறளை, மணமகளை நோக்கி விரல் நீட்டிச் சொல்லாத பேச்சாளர் இல்லை. அதற்கு முந்திய அதிகாரமாகிய இல்வாழ்க்கையிலும் ஐந்தாம் குறள் ஒன்று உண்டு. அன்பையும் அறத்தையும் இருவர்க்கும் பொதுவாக வைத்துச் சொல்லும் அந்த 45ஆம் குறள் மேடைகளில் அருகியே கேட்கிறது. பத்துக் குறள் தள்ளிப் படித்திருந்தால் போதும்.

1942 சூலைத் திங்களில் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். ஆயிரக்கணக்கில் திரண்டிருந்த பெண்களிடம், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்ய அவசரப்படாதீர்கள், அவர்கள் சொந்தக் காலில் நிற்கும் பொருள்வளம் பெறும்வரை அச்சுமையை ஏற்றாதீர்கள் என்றார். மணம் புரியும் பெண் தன் கணவனுக்கு அடிமையாய் இராது, தோழியாகவும் நிகரானவளாகவும் நின்று வாதிட வேண்டும் என்றார். நம் மணப்பந்தல்கள் பலவற்றில் அண்ணலின் படம் வைக்கப்படுகிறது, மாலை சூட்டப்படுகிறது. ஆயினும் படத்திற்குக் கீழே நின்று பேசுவோர் அவர் திருமணத்தைப் பற்றிச் சொன்னதைச் சொல்வதில்லை. “மங்கலமான இடத்தில் அரசியல் வேண்டாம்” என்று மூத்தோர் சிலர் கருதுகின்றனர். அவர்களிடம் நமக்கு மதிப்புண்டு. கட்சி வேண்டாம் என்பதில் அவர்களோடு உடன்படுகிறோம். ஆனால் அண்ணல் மணமக்களுக்குச் சொன்னதை மணமக்களுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்வதை அரசியல் என்று தள்ள நாம் ஒப்பவில்லை.

ஒரு வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வேண்டா. மணமகள் நம் பள்ளி மாணவி. அப்போது செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். தந்தை இல்லை. பாட்டி வளர்த்த பெண். நல்ல இடம் வந்தது என்று உறவினர் நெருக்கி மணத்தை முடித்துவிட்டனர். மேடையில் ஐவர் பேசினர். படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறாவதாக வாழ்த்தச் சொல்லி ஒலிபெருக்கியை யாரோ அந்தப் பாட்டியிடம் நீட்டினர். வேடிக்கைக்குத்தான் நீட்டினர் என்றே நினைக்கிறோம். அம்மூதாட்டி அதைக் கையில் வாங்காமலே மணமகனின் தந்தையைப் பார்த்துப் பேசினார். “தம்பி, எம் பேத்தி படிப்பு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதை முடிக்க வுடணும். வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா பேச்சு மாறிப்போவும். அதான் நாலு பேரு முன்னால கேக்குறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பந்தல் அடங்கிவிட்டது. சம்பந்தி எழுந்தார். சற்றுத் தயங்கினார். பிறகு, “படிக்கட்டும் அத்தை, நான் அனுப்புறேன்” என்றார். 500 பேர் கேட்டனர். அந்தப் பெண் இரண்டாண்டும் படித்து முடித்தாள். கடைசி ஆண்டில் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தேர்வெழுதினாள். நடுவில் ஒருமுறை படிப்பை நிறுத்தும் பேச்சு எழுந்தபோது, தெருப் பெண்களே சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்று, பந்தலில் சொன்ன சொல் என்னாயிற்று என்று கேட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

உறவினரும் நண்பரும் முன்னிலையில் என்று சட்டம் எழுதியிருப்பதன் பொருளை அப்பாட்டி யாரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தார். கூடியிருப்போர் சாட்சிகள். சாட்சிகளை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார். அவர் பேசியது ஒரு நிமிடம் கூட இராது.

ஆகவே இளைஞர்களே, உங்களை யாரேனும் வாழ்த்த அழைத்தால் முதல் நாளே மணமக்களிடம் போய்ப் பேசுங்கள். இருவர் பெயரையும் எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். யார் என்ன படித்தார், இனி என்ன படிக்க விரும்புகிறார், எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று கேளுங்கள். அவற்றுள் மேடையில் சொல்லத்தக்கது எது, சொன்னால் வருந்துவது எது என்பதையும் அவர்களையே கேளுங்கள். இது மிக இன்றியமையாதது. படிப்பு இடையில் நின்ற பெண்ணுக்கு அதை ஊரறியச் சொல்வது வாழ்த்தாகாது. சாதி மறுத்து மணந்தோர் பற்றிப் பேசும்போது இன்னும் விழிப்பு வேண்டும். நீங்கள் வீரமாக முழங்கிவிட்டுப் பேருந்தேறிவிடுவீர்கள். அவர்கள் மறுநாளும் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டா. வீட்டில் கடிகாரத்தை வைத்து ஒருமுறை உரக்கப் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்று நினைத்தது பன்னிரண்டு நிமிடமாக நீளும். பெண்ணின் நிறம், உடல், மாமியார் மருமகள் சண்டை, மனைவிக்கு அஞ்சும் கணவன் ஆகிய நகைச்சுவைகளைத் திரைப்படத்திற்கே விட்டுவிடுங்கள். குடித்துவிட்டு மேடையேறுபவரின் கையில் ஒலிபெருக்கி போகாமல் பார்த்துக்கொள்வதும் நிகழ்ச்சியை நடத்தும் இளைஞரின் கடமையே. பயனுள்ள செய்தி ஒன்று சொல்ல விரும்பினால், திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்னும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லுங்கள். பதிவுச் சான்று இல்லாமையால் கடவுச்சீட்டுக்கும் கைம்பெண் உதவிக்கும் அலைந்த குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. இறுதியாக ஒலிபெருக்கியை மணமக்கள் கையில் கொடுங்கள். அவர்கள் வெட்கப்படுவர், ஒரு வரிதான் பேசுவர். அந்த ஒரு வரிக்கு இடம் வைத்து உங்கள் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குவோர் வரிசையைப் பாருங்கள். இருபது பெயரில் ஒரு பெண் பெயர் இருந்தால் வியப்பு. அன்னை மீனாம்பாள் சிவராஜ் போன்றோர் மாநாட்டு மேடைகளில் தலைமை தாங்கிப் பேசிய சமுதாயம் இது. நம் பாடசாலையில் இன்று பேச்சுப் போட்டியில் பரிசு பெறுவோர் பெரும்பாலும் மாணவியரே. அம்மாணவியர் சொந்த அக்காளின் வரவேற்பில் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நிற்கின்றனர். பரிசே பெறாத தம்பி மேடையில் பேசுகிறான். இதை மாற்ற எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. அழைப்பிதழ் அச்சாகுமுன் வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் போதும்.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம், அவரும் இசைந்திருக்கிறார். வரும் திங்கள் முதல் சனிக்கிழமை மாலைகளில், பாடம் முடிந்தபின் அரைமணி நேரம், மணவிழா வாழ்த்துரைப் பயிற்சி நடைபெறும். ஒருவர் மணமகனாகவும் ஒருவர் மணமகளாகவும் அமர, மற்றவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். தை மாதத்தில் நம் பகுதியில் மூன்று திருமணங்கள் நிச்சயிக்கப்பட்டிருப்பதாக அறிகிறோம். அவற்றுள் ஒரு மணமகள் நம் பாடசாலையின் பழைய மாணவி. ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவ்வரவேற்பில் பேச விரும்புவோர், குறிப்பாக மாணவியர், இன்று கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம். அப்பெண்ணின் வீட்டிற்கு நாமும் உடன் வருகிறோம்.